ஆரணிப் பாறையும் காரைச் சிப்பியும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பயணம் புறப்படும் திசைகள் பெரும்பாலும் இரண்டே. வசதி படைத்தோர் மலைக்குச் செல்வர். ஏனையோர் மாமியார் வீட்டுக்குச் செல்வர். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். ஆரணியில் பட்டு வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதி வாழும் எனக்கு வாய்த்த கோடை வாசத்தலம், வெள்ளாற்றங்கரையிலுள்ள லப்பைக்குடிக்காடு. கத்திரி வெயிலில் ஆரணிக்கும் அவ்வூருக்கும் வேறுபாடு ஒன்றுமில்லை. ஆனாலும் அங்கிருந்து காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கடலின் அடித்தளம் வெட்டவெளியில் விரிந்து கிடக்கிறது. அலையில்லை, நீரில்லை, உப்புக் காற்றும் இல்லை. அக்கடலில் வாழ்ந்த சின்னஞ்சிறு உயிர்கள் மட்டும் கல்லுருவில் இருக்கின்றன. அவற்றைத் தேடிச் செல்வதே சில ஆண்டுகளாக எங்கள் கோடைப் பொழுதுபோக்கு. வீட்டில் இதற்குக் "கல் பார்க்கப் போவது" என்று பெயர்.

இந்தப் பழக்கத்துக்கு வித்திட்டது என் இளைய மகள் கேட்ட ஒரு கேள்வி. பள்ளிப் பாடத்தில் புதைபடிவம் என்ற சொல்லைப் படித்துவிட்டு வந்தவள், கமண்டல நாகநதியின் கரையிலும் ஊரைச் சுற்றிய குன்றுகளிலும் ஒரு மாதம் தேடினாள். ஒரு சிப்பியின் சுவடுகூட அகப்படவில்லை. "அத்தா, நம்ம ஊர்க் கல்லில் மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை?" என்று கேட்டாள். கேள்வி எளிதாகத் தோன்றினாலும் விடையை நானும் நூலகத்தில் தேடித்தான் அறிய வேண்டியிருந்தது.

ஆரணிப் பகுதியின் பாறைகள் மிகப் பழமையானவை. 250 கோடி ஆண்டுகள் என்ற அளவில் அவற்றின் வயதைப் புவியியலார் மதிப்பிடுகின்றனர். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, உருமாறி, இறுகியவை அவை. ஓடுடைய உயிரினங்கள் கடலில் பெருகத் தொடங்கியதோ ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே நம் குன்றுகள் உருவான காலத்தில் அவற்றுள் புதைவதற்குச் சிப்பியே உலகில் இருந்ததில்லை. பிற்காலத்தில் கடல் வந்து வண்டலைப் படிய விட்டிருந்தால் அதில் ஏதேனும் கிடைத்திருக்கும். அக்கடல் நம் ஊர் வரை வரவில்லை.

வந்த இடம் எது? இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்நிலம் பிளந்து விலகியபோது நம் கிழக்குக் கரையோரம் தாழ்ந்து பள்ளங்களாயிற்று. அவற்றுள் ஒன்று காவிரிப் படுகை. கடல் அதனுள் புகுந்தது; இடையிடையே பின்வாங்கியது; மீண்டும் புகுந்தது. இவ்வாறு பல கோடி ஆண்டுகள் படிந்த வண்டல்களே இன்று ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற ஊர்ப் பெயர்களால் உலகப் புவியியல் நூல்களில் வழங்கும் பாறைத் தொகுதிகள். நம் பக்கத்து ஊர்களின் பெயர்களை எங்கோ தொலைதூர நாட்டு மாணவன் மனப்பாடம் செய்கிறான். நமக்கோ அவை பேருந்து நிறுத்தங்கள்.

ஆரணியிலிருந்தே ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய கல்லுருவங்களும் இல்லாமல் இல்லை. செஞ்சி வழியாகச் சென்றால் திருவக்கரையில் கல்மரங்களைக் காணலாம். பிரெஞ்சுப் பயணி சொன்னரா 1781இலேயே அவற்றைப் பற்றி எழுதினார். அதற்கும் அப்பால் புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூர், சேதராப்பட்டுப் பகுதிகளில் பழங்கடலின் படிவுகள் உண்டு. எனினும் சிறு கடலுயிர்களைச் சிறுவர்களும் எளிதாகக் கண்டுகொள்ள வேண்டுமானால், பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடைப்பட்ட களிமண் காட்டுக்கு நிகரான இடத்தை நான் கண்டதில்லை.

காடு என்றேன், மரம் அடர்ந்த காடன்று. மழைநீர் அரித்து அரித்து நூற்றுக்கணக்கான ஓடைகளாகவும் மொட்டை மேடுகளாகவும் ஆக்கிய பொட்டல் அது. மேடுகளில் பழுப்பும் மஞ்சளும் சாம்பலும் மாறி மாறி வரும். இடையிடையே ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லுகளைப் போல் மின்னும். முதன்முறை செல்வோர் அந்த மினுமினுப்பில் மயங்கி அதையே பொறுக்கத் தொடங்குவர். அதைக் கடந்து பார்க்கக் கண் பழக வேண்டும்.

பழகுவதற்குச் சில முறைகள் உண்டு. பயன்படுவோர் இருக்கலாம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நாங்கள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் என் மச்சானின் வேனில் புறப்படுகிறோம். வெயிலுக்கு அஞ்சி மட்டுமன்று. சூரியன் சாய்வாக இருக்கும்போது தரையிலுள்ள சிறு மேடும் பள்ளமும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும். மேலும், கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாளே சிறந்த நாள். மழை மண்ணைக் கழுவி, மறைந்திருந்தவற்றை வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் இடி இடித்ததாகச் செய்தி வந்தால் போதும், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அன்றிரவு உறங்குவதில்லை.

அங்குச் சேர்ந்தபின் ஓடிக்கொண்டே தேடுவதில் பயனில்லை. ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தைத் தேர்ந்து, உட்கார்ந்து, அசையாமல் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் மண் மட்டுமே தெரியும். பிறகு ஒழுங்குள்ள வடிவங்கள் கண்ணில் படும். இயற்கையான கூழாங்கல்லில் வரிசையான கோடுகள் அரிது. சுருளில் சீரான இடைவெளி அரிது. ஆகவே சீர்மையைத் தேடுவதே வழி. ஆரணித் தறிக்கூடங்களில் இதற்கு நேர்மாறான பார்வையைக் கண்டிருக்கிறேன். அங்கே ஆயிரக்கணக்கான ஒழுங்கான இழைகளுக்கிடையே அறுந்த ஓர் இழையைத் தேடுவர். இங்கே ஒழுங்கற்ற மண்ணுக்குள் ஒழுங்கான ஒன்றைத் தேடுகிறோம். தேடும் பொறுமை இரண்டுக்கும் ஒன்றே. பட்டின் இழைகளை எண்ணப் பயன்படும் மடிப்புக் கண்ணாடி ஒன்று என்னிடம் உண்டு. கடையில் அது புடைவையைச் சோதிக்கும்; காரையில் சோழியளவுகூட இல்லாத உயிர்களைச் சோதிக்கும்.

அங்கே மிகுதியாகத் தென்படுவது பெலம்னைட் என்பது. துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவம், தேன் நிறம், ஒளிக்கு எதிரே பிடித்தால் ஓரங்கள் சிறிது ஊடு தெரியும். உடைந்த முனையைப் பார்த்தால் நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல் கோடுகள் புறப்படும். இது கணவாயின் உறவினமான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த உறுப்பு. நாட்டு மருந்துக் கடைகளில் கடல் நுரை என்று விற்கிறார்களே, அது கணவாயின் உள்ளோடு. கடல் நுரையைக் கையில் பிடித்தவருக்குப் பெலம்னைட் அந்நியமன்று.

அடுத்தது அம்மோனைட். ஆட்டுக் கிடாவின் கொம்புபோல் சுருண்ட ஓடு. உள்ளே அறை அறையாகத் தடுப்புகள். உயிர் கடைசி அறையில் வாழ்ந்தது, ஏனைய அறைகள் மிதப்பதற்கு. ஓட்டின் மேற்பரப்பு தேய்ந்த இடங்களில் அத்தடுப்புகளின் விளிம்புகள் இலை நரம்புகள் போல் பின்னிக் காட்சியளிக்கும். கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள் பலவற்றினுள் இருப்பதும் இவ்வினமே. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் இவ்வினம் ஒன்றுகூட எஞ்சாமல் மறைந்தது. அதே கடலில் அதேபோன்ற அறைகளோடு வாழ்ந்த நாட்டிலஸ் இனம் இன்றும் பசிபிக் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறது. ஒன்று போய் மற்றொன்று தங்கியதன் காரணத்தை எண்ணுந்தோறும் வியப்பே மிஞ்சுகிறது.

களிமண்ணை ஊறவைத்துச் சல்லடையில் சலித்த ஆய்வாளர்கள் சுறாக்களின் நுண்ணிய பற்களையும், மீனைப் போன்ற உருவுடன் கடலில் நீந்திய ஊர்வனவற்றின் பற்களையும் காரைப் படிவுகளிலிருந்து எடுத்து 2011இல் விவரித்துள்ளனர். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லிலோ பிரயோசோவா என்னும் உயிர்க்கூட்டங்கள் ஏராளம். ஒவ்வோர் உயிரும் ஊசிமுனையளவு. அவை சேர்ந்து கட்டிய வீடு வலைத்துணியைப் போலிருக்கும். சாலையோரத்துக் கல்லொன்றில் அதை மடிப்புக் கண்ணாடியில் பார்த்த என் மகள், "இதைப் புட்டாவாகப் போடலாமே, அத்தா" என்றாள். ஆரணிப் பிள்ளை வேறு எப்படிச் சொல்வாள்?

என் மாமனார் இவற்றையெல்லாம் நெடுநாள் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஐவேளைத் தொழுகையையும் ஊர்ப் பள்ளிவாசல் காரியங்களையும் தவிர வேறெதிலும் நாட்டமில்லாத பெரியவர். ஒருநாள் மாலை திண்ணையில் பிள்ளைகளின் ஓவியக் குறிப்பேட்டைப் புரட்டியவர், "மாப்பிள்ளை, இதெல்லாம் நூஹ் நபி காலத்து வெள்ளம் கொண்டு வந்து போட்டதுதானே? இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டது ஏளனமாக அன்று. கேள்விக்குள் ஒரு கவலை இருந்தது. பேரப் பிள்ளைகள் கோடி ஆண்டுக் கணக்குப் பேசுவதைக் கேட்டு, இது அவர்களை எங்கே கொண்டு சேர்க்குமோ என்ற கவலை.

நான் வாதாடவில்லை. மறுமுறை அவரையும் அழைத்துச் சென்றோம். ஒரு மேட்டின் அரிப்பில் அடுக்கடுக்காக இருந்த படிவுகளைக் காட்டினேன். கீழடுக்கில் சிப்பி, அதன்மேல் ஏதுமற்ற களிமண், அதன்மேல் மீண்டும் வேறு வகைச் சிப்பி. ஒரே வெள்ளம் வாரிக் கொட்டியிருந்தால் எல்லாம் கலந்தல்லவா கிடக்கும்? ஒரு சிப்பியின் முதுகில் மற்றொரு சிப்பி ஒட்டி வளர்ந்திருந்ததை என் மகள் காட்டினாள். முதல் சிப்பி இறந்து, தரையில் கிடந்து, அதன்மேல் அடுத்தது பிறந்து வளர்வதற்கு அமைதியான காலம் வேண்டும். பெரியவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

அன்று திரும்பும் வழியில் அல்பீரூனியைப் பற்றி அவருக்குச் சொன்னேன். 973இல் குவாரிஸ்மில் பிறந்த அப்பேரறிஞர், அரபுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று எழுதினார். கிணறும் குளமும் தோண்டும்போது அடுக்கடுக்கான மண்ணும் மணலும் கூழாங்கல்லும் வருவதையும், உடைத்த கல்லினுள் சிப்பியும் சோழியும் இருப்பதையும் சான்றாகக் காட்டினார். இந்தியாவைப் பற்றிய தம் நூலில், வட இந்தியச் சமவெளியும் கடலாக இருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று கருதினார். மலையருகே பெருங்கற்கள், விலக விலகச் சிறுகற்கள், கழிமுகத்தில் மணல் என்பதே அவர் கண்ட சான்று. அவர் காலத்தவரான இப்னு சீனாவும் உயிர்கள் கல்லாவதைப் பற்றியும் மலைகள் உருவாவதைப் பற்றியும் தம் "ஷிஃபா"வில் விளக்கினார். அப்பகுதியின் இலத்தீன் மொழிபெயர்ப்பை அரிஸ்டாட்டிலின் நூலென்றே ஐரோப்பா நெடுங்காலம் எண்ணியிருந்தது. இவர்கள் இருவரும் படைத்தவனை மறந்து படைப்பைப் பார்த்தவர்கள் அல்லர். மாமனார் சிறிது நேரம் பேசாமல் வந்தார். பிறகு, "அப்படியானால் நம் ஆட்கள் பார்த்துவிட்டுப் போன வேலையைத்தான் பிள்ளைகள் செய்கிறார்கள்" என்றார். அதன்பின் அவர் கேட்பதெல்லாம் "மழை பெய்ததாமே, எப்போது போகிறீர்கள்?" என்பதுதான்.

நம் ஆட்கள் பார்த்தார்கள். ஆனால் இந்த மண்ணைப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டளவில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கில அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் திரட்டிய கல்லுருவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் இலண்டனில் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பகுதி முழுவதையும் அளந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். அவருக்குப் பின் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்ற மொராவிய நாட்டு இளைஞர், தென்னிந்தியக் கடற்படிவங்களை ஒவ்வொன்றாக விவரித்து 1873 வரை பெருந்தொகுதிகளாக எழுதினார். மறு ஆண்டே லடாக்கின் உயர்மலையில், 36 வயதில், இறந்துபோனார். இன்று உலகில் எவர் இப்படிவங்களுக்குப் பெயரிட முனைந்தாலும் அவர் நூலைத் திறக்காமல் முடியாது. ஆனால் அன்று எடுத்துச் சென்றவற்றில் ஃபோர்ப்ஸ் கண்டவை இலண்டனிலும், ஸ்டோலிச்கா கண்டவை கல்கத்தாவிலும் இருக்கின்றன. காரையில் பிறந்த பிள்ளை தன் ஊர்ச் சிப்பியைக் காண எங்கே போவது? இப்போது அரியலூர் அருகே வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் ஒன்று அமைந்திருப்பது ஆறுதல் தருகிறது. சாத்தனூரில், 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டருக்கும் மேல் நீண்ட கல்மரம் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. நிலத்தில் வளர்ந்து, ஆற்றில் அடித்து வரப்பட்டு, கடலில் புதைந்த மரம் அது.

எடுத்துச் செல்வது பற்றி எங்கள் குடும்பத்திலேயே ஒரு பூசல் உண்டு. மச்சானின் மகன், பன்னிரண்டு வயதுத் துடிப்பான பையன், முதல்நாள் ஒரு பை நிறைய நிரப்பிவிட்டான். என் மகள் அவ்வளவையும் திரும்பக் கொட்டச் சொன்னாள். காரைப் பொட்டல் நாட்டின் புவியியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கிருந்து எதையும் எடுக்கலாகாது என்பது அவள் கட்சி. பையன் விடவில்லை. "மச்சி, அரியலூரில் லாரி லாரியாக வெட்டி சிமெண்டுக்கு அரைக்கிறார்களே, அதில் சிப்பி இல்லையா? நான் பத்து எடுத்தால் குறைந்துவிடுமா?" என்றான்.

இக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல் என்பதே பெரும்பாலும் உயிர்களின் ஓடுகள்தாம். அவை அரைபட்டு, வெந்து, நம் வீட்டுச் சுவராகின்றன. இதை எழுதும் நானும் அத்தகைய சுவரில் சாய்ந்தே எழுதுகிறேன். சுரங்கம் தோண்டாவிடில் அந்த ஆழத்து அடுக்குகளை ஆய்வாளர்களும் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அரைபடும் முன் ஒரு நாள், ஒரு மாணவர் கூட்டத்தையேனும் உள்ளேவிட்டுப் பார்க்கச் செய்வது எல்லாச் சுரங்கங்களிலும் வழக்கமாக வேண்டும் என்பதே என் கருத்து. பையனுக்கு நான் சொன்ன பதில் வேறு. ஒரு சிப்பி எந்த மேட்டில், எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அது சாட்சி. இடம் தெரியாத சிப்பி, முகவரி கிழிந்த கடிதம். சுரங்கம் அழிப்பது ஆயிரம் சாட்சிகளை என்றால், அதைச் சொல்லி நாம் பத்தை அழிப்பதற்கு உரிமை வந்துவிடாது. பையன் முழுவதும் ஒப்பவில்லை. ஆனாலும் பையைக் கவிழ்த்தான்.

அன்று முதல் வீட்டில் ஒரு வரையறை இருக்கிறது. காரையில் கண்டால் கண்ட இடத்திலேயே வரைந்து, அளந்து, புகைப்படம் எடுத்து, அப்படியே வைத்துவிட வேண்டும். பிற ஊர்களில், கிணறு வெட்டிய மண்மேட்டிலோ உழுத வயலிலோ கண்டால், நிலத்துக்கு உரியவரிடம் கேட்டு, ஒன்றிரண்டு மட்டும் எடுக்கலாம். எடுத்ததை ஊர், நாள், மண்ணின் நிறம் எழுதிய சீட்டோடு பெட்டியில் வைக்க வேண்டும். சுரங்கத்துக்குள் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது. பெட்டியில் இதுவரை சேர்ந்தவை இருபதுகூட இல்லை. குறிப்பேட்டில் உள்ள ஓவியங்கள் நூற்றைத் தாண்டிவிட்டன. பிளஸ் டூ முடித்ததும் சென்னை மாநிலக் கல்லூரியில் புவியியல் படிக்க வேண்டும் என்கிறாள் மகள். பெண்பிள்ளை காடு மேடெல்லாம் சுற்றும் படிப்பா என்று உறவினர் சிலர் முகம் சுளிக்கின்றனர். அவளுக்காக முதலில் வாதாடியவர் என் மாமனார்தான் என்பதை இங்குப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சென்ற கோடையில், தேடல் முடிந்த பிறகும் நேரம் மிஞ்சியதால், களிமண் காட்டுக்கு மேற்கே சிறிது தூரம் நடந்தோம். மண்ணின் நிறம் மாறிற்று. சிப்பிகள் குறைந்து மறைந்தன. உருண்ட கற்கள் கலந்த ஓர் அடுக்கைத் தாண்டியதும், வரிவரியாகக் கறுப்பும் வெண்மையும் கலந்த கடும்பாறை எதிரே எழுந்தது. மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள். "அத்தா, இது நம்ம ஊர்க் கல்!" என்றாள். உண்மைதான்; ஆரணிக் குன்றுகளுக்கு உறவான அதே வகைப் பாறை. பழங்கடல் அந்தப் பாறையில்தான் மோதி நின்றிருக்கிறது. உருண்ட கற்கள் அதன் அலைகள் உடைத்துப் புரட்டியவை. எங்கள் ஊரில் சிப்பி ஏன் இல்லை என்று அவள் முன்பு கேட்டதற்கு நூலில் படித்த விடையை நான் சொல்லியிருந்தேன். இப்போது அதைத் தன் உள்ளங்கையால் அறிந்தாள். அக்கடலுக்கு நாங்கள் கரை.

அவள் பாறையின்மேல் ஏறி, கிழக்கு நோக்கி நின்று, குறிப்பேட்டைத் திறந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மச்சான் வேனின் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தார், லுஹருக்குள் ஊர் சேர வேண்டுமென்று.